குறை சொல்லி வீடு விற்ற என் மைத்துனர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மேலே படிக்க வசதியில்லை என்று மற்றவர்கள் சொல்வதுபோல நான் சொல்ல மாட்டேன். என்னை வைத்துச் சமாளிக்கப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வசதி போதவில்லை. இன்று குழித்துறையில் இறங்கி, பொன்னுலிங்கம் ஹார்ட்வேர்ஸ் எங்கே என்று யாரிடமாவது கேளுங்கள். வாயில் வெற்றிலை இருந்தாலும் கையாவது நீட்டுவார்கள். ஆணி முதல் கிணற்று மோட்டார் வரை என் கடையில் இல்லாதது இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் எழுத வந்தது என் தங்கை கணவர் சுயம்புவைப் பற்றி. எழுதுகிறவன் யார் என்று தெரிந்தால்தானே எழுத்துக்கு மதிப்பு.

சுயம்பு வாழைக்குலை வியாபாரி. தோட்டம் தோட்டமாகப் போய்க் குலையை விலை பேசி வெட்டிக் கொண்டுவருவது அவர் வேலை. சந்தையில் விற்பது அவருடைய கூட்டாளி பகவதியப்பனின் வேலை. அதாவது சுயம்பு ஆயுசு முழுக்க வாங்கியிருக்கிறார், எதையும் விற்றதில்லை. இதை வாசிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓணம் சமயத்தில் நேந்திரன் வகை ஏத்தங்குலைக்கு அடிதடி நடக்கும்போதும் அவர் அவசரப்பட மாட்டார். வாழை மூட்டின் அருகே நின்று குலையை மேலும் கீழும் பார்ப்பார். விரலை மடக்கி ஒரு காயில் தட்டுவார். பிறகு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே தோட்டக்காரருக்கு முகம் வாடிவிடும். "மூப்பு போராது" என்பார், முற்றியது போதாது என்று. அடுத்து, காய் மெலிவு என்பார். தண்டு கனம், வெறும் தண்டுக்கா துட்டு என்பார். தோட்டக்காரர் தன் குலையைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு, கொண்டு போனால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுவார். சரக்கின் பக்கத்தில் நின்று சிரிக்கவே கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

தோட்டத்தோடு விட்டாரா என்றால் இல்லை. என் தங்கை தாணம்மாளைப் பெண் பார்க்க வந்த அன்றே, அவள் கொண்டுவந்த காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கடுப்பம் போராது என்றார். அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில் இருக்கிறதே என்று முடித்துவிட்டேன். தொழில் உள்ளவனைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை.

அறுபது வயதில் அவருக்கு நடுவு பிடித்துக்கொண்டது. இனி குனிந்து குலை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த டாக்டரைப் பற்றியும் சுயம்புவுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? மீன் குழம்பில் புளி, பால்காரன் பாலில் வெள்ளம், பக்கத்து வீட்டுக் கோழியின் நடை என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தார். தாணம்மாள் என் கடைக்கு வந்து, "அண்ணே, அவரை எங்கயாவது இறக்கி விடுங்க, இல்லெங்கி என்னைய இறக்கி விடுங்க" என்றாள்.

மகன் ரதீஷ் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனான். எட்டாவது மாடி. சாமான் வாங்கும் கடையில் எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கிறது. சுயம்பு அங்கே வாழைப்பழத் தட்டின் முன் நின்று ஒவ்வொரு சீப்பாகத் தட்டிப் பார்த்து, மூப்பு போராது என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். யாரும் விலையைக் குறைக்கவில்லை. காவலுக்கு நின்ற ஆள்தான் வந்திருக்கிறான். அன்று இரவே, ஊருக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டியவரை மறுவாரம்தான் ரயிலேற்ற முடிந்தது.

ரதீஷ் ஒரு கெடு வைத்தான். "சும்மா இருந்தா உங்களுக்குத் தீனம் வரும்பா. சித்திரைக்குள்ள ஏதாவது ஒரு தொழில்ல காலூணிட்டா அங்கயே இருங்க. இல்லெங்கி ரெண்டுபேரும் இங்க வந்திரணும்" என்றான். சுயம்புவுக்கு அந்த எட்டாவது மாடி கனவில் வர ஆரம்பித்தது. எனக்கும் அது பிடிக்கவில்லை. சுயம்பு போனால் என் தங்கையும் போவாள். அது ஒன்று. தினமும் என் கடைக்கு வந்து, என் கல்லாப்பெட்டி முதல் என் மூக்குக்கண்ணாடி வரை குறை சொல்லும் ஒரு ஆள் இல்லாவிட்டால் எனக்குப் பொழுது எப்படிப் போகும்? அது வேறு ஒன்று.

யோசனை என்னுடையதுதான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஊரில் உள்ள அத்தனை தோப்பும் விளையும் வயலும் வேலியும் அவருக்குத் தெரியும். யாருடைய பிள்ளை வெளிநாட்டில், யார் நிலத்தை விற்க நினைக்கிறார்கள் என்பதும் தெரியும். நீர் நிலம், வீடு வாங்கி விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் ஆகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். ரதீஷ் போனிலேயே ஒத்துக்கொண்டான். ஆனால் ரோட்டோரத் தரகர்போல இருக்கக் கூடாது, அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்து லைசென்ஸ் எடுத்தால்தான் அதைத் தொழிலாக எண்ணுவேன் என்றான்.

என் கடைக் கட்டடத்தில் ஒரு முறியை அபிதா என்ற பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். பதிவு எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்பதால் அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். போட்டோ எடுக்கும்போது, சித்தப்பா கொஞ்சம் சிரிங்க என்றாள். சிரித்தால் சரக்கு நல்லது என்று நினைத்துக்கொள்வான் என்று சுயம்பு மறுத்துவிட்டார். அந்தப் போட்டோவில் அவர் அரசாங்கத்தையே விலை பேசுகிற மாதிரி இருக்கிறார்.

அபிதா நல்ல பிள்ளை. பெரிய மனைப்பிரிவு, அடுக்குமாடி இவற்றில் விற்றுக் கொடுக்கத்தான் இந்தப் பதிவு கட்டாயம், பழைய வீடு ஒன்றிரண்டு விற்பதற்கு வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தாள். சுயம்பு கேட்கவில்லை. அடுத்து, ஏஜென்ட் என்னென்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று இருந்ததைத் தமிழில் சொன்னாள். அதில் ஒன்று, வாங்க வருகிறவரிடம் இல்லாததைச் சொல்லக் கூடாது, உள்ளதை மறைக்கக் கூடாது என்பது. சுயம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ளதை மறைக்கக் கூடாதா? குறை இருந்தா?"

"குறையையும் சொல்லத்தான் வேணும், சித்தப்பா."

"சட்டமா?"

"சட்டந்தான்."

அவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஆயுசு முழுக்க அவர் செய்துவந்ததை அரசாங்கம் இப்போதுதான் சட்டமாக்கியிருக்கிறது என்று நினைத்துவிட்டார். சில வாரம் கழித்துப் பதிவு எண்ணோடு சான்றிதழ் வந்தது. அபிதா அதை அச்செடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்து, பிரிண்ட் மங்கல் என்றார்.

போர்டு நான் செய்து கொடுத்தேன். என் கடைத் தகடு, என் கடைப் பெயின்ட். 'சுயம்பு, அரசுப் பதிவு பெற்ற வீடு, மனை முகவர்' என்று மஞ்சளில் எழுதி அவர் வீட்டு கேட்டில் தொங்கவிட்டோம். முதல் வியாபாரமும் நானே கொடுத்தேன். என் பழைய வீடு.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், சொந்த உழைப்பில் நான் கட்டிய முதல் வீடு. எஞ்சினியர் யாரும் கிடையாது. சிமென்ட் சாக்கின் பின்புறம் நானே பிளான் வரைந்தேன். மேஸ்திரி ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். முன்வாசல் கதவு முழுப் பிலாத்தடி, அசல் பலாமரம். தரை மொசைக். கிணற்று வெள்ளம் கோடையிலும் குறையாது, குடித்தால் இளநீர்போல இருக்கும். கடைக்கு மேலேயே மாடிவீடு கட்டி நாங்கள் மாறிவிட்டதால் அது பூட்டிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே வாரத்தில் விற்கலாம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் பார்க்க வந்தவர் ஸ்ரீஜித் என்ற துபாய்க்காரர். நல்ல உயரம். சுயம்பு அவரை வாசலில் நிறுத்தி, பிலாக் கதவை விரலை மடக்கித் தட்டினார். பெருமூச்சு வந்தது.

"மழைக்குக் கதவு பிடிக்கும். தோள் கொடுத்துத் தள்ளணும்" என்றார். உள்ளே போனதும் மேற்குச் சுவரைத் தட்டி, ஈரம் ஏறுகிறது என்றார். மாடிப்படியில் மூன்றாவது படி மட்டும் மற்றவற்றைவிடப் பொக்கம், உயரம் கூடுதல் என்றார். அது உண்மைதான், அந்தப் படியை ஊற்றிய நாளில் எனக்கும் மேஸ்திரிக்கும் ஒரு சண்டை. ஆனால் அதை யார் கேட்டார்கள்? படி முடியும் இடத்தில் ஒரு பீம் தாழ்வாக வரும். ஸ்ரீஜித் அதில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"இந்த வீட்டுல தலை இடிக்காத ஒரே ஆளு நாந்தான்" என்றார் சுயம்பு. "ஏன்னா நான் குள்ளன்."

ஸ்ரீஜித் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு நேர்மையான ஏஜென்ட்டைத் தான் பார்த்ததே இல்லை என்றார். வீட்டை மட்டும் வாங்கவில்லை.

நான் சுயம்புவைப் பிடித்துக்கொண்டேன். "ஓய், உமக்கு வெளிவு இருக்கா? விக்க வந்த வீட்டுக்க கொறையை எல்லாம் எடுத்து வெளியில போடுகீரு?"

"சட்டம், மச்சான்."

"கிணத்து வெள்ளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீரா?"

"அதுல கொறை ஒண்ணும் இல்லியே. என்னத்தைச் சொல்ல?"

இந்த மனிதருக்குக் குறை இல்லாததைப் பற்றிப் பேசவே வாய் பழகவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அடுத்து வந்தது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரும் அவர் கணவரும். அவர்களிடம் பின்பக்கத் தென்னையைக் காட்டி, காற்றடித்தால் தேங்காய் இந்த ஓட்டில்தான் விழும் என்றார். அதற்கடுத்த ஆள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. வழியிலேயே சுயம்புவிடம் விசாரித்துத் தெளிவு பெற்றுத் திரும்பிவிட்டார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. இரண்டு தடவை, உமக்கு இந்த வீடு இல்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவையும் தாணம்மாள் வந்து என் கடைப் படியில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்ன ஏது என்று கேட்டார்கள். மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை. சுயம்பு அப்போதே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். சென்னைக்கு அது பெரிது, மகன் வீட்டில் வைக்க இடம் போராது என்று அதையும் குறை சொன்னார். ஆனால் குரலில் சுரத்து இல்லை. அவர் குறை சொல்லும்போது குரலில் சுரத்து இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ததேயுஸ் வந்தார். குளச்சல் பக்கம் கடற்கரையில் சொந்த வள்ளம் உள்ளவர். அவர் வள்ளத்து மீனை அவரே கரையில் நின்று ஏலம் சொல்லி விற்பார். மகள் பெபிஷாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வருஷா வருஷம் கடல் ஏறி முற்றத்துக்கு வருவதால், கரையை விட்டுத் தள்ளி ஒரு வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். கூட மனைவி வியாகுலம்மாள். நான் முன்னமே சுயம்புவிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தேன், இன்று ஒரு நாள் வாயைத் திறக்காதேயும் என்று. அவர் என்னிடம் திருப்பிச் சொன்னார், மச்சான், நீங்களும் திறக்காதீங்க என்று. இருவரும் ஒத்துக்கொண்டோம்.

நான் வாக்குத் தவறாதவன். கிணற்றடியில் நின்றுகொண்டேன். திறந்த ஜன்னல் வழியாக உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. சுயம்புவால் வாசல் தாண்ட முடியவில்லை. கை தானாக மடங்கிக் கதவைத் தட்டியது. பெருமூச்சும் வந்தது.

"மழைக்குப் பிடிக்கும்" என்றார்.

ததேயுஸ் திரும்பிப் பார்த்தார். கதவைத் தடவினார். "முழுப் பிலா, அண்ணாச்சி. பிடிக்காம என்ன செய்யும்? பிடிக்காத கதவு பிளைவுட்டுதான்" என்றார்.

சுயம்பு கொஞ்சம் திகைத்துப்போனார். இதுவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. உள்ளே போய் மேற்குச் சுவரைத் தட்டினார். "ஈரம் ஏறுது."

"மழை அடிக்கிற பக்கம். எங்க கரையில உள்ள சொவரை வந்து பாரும், உப்பு பூத்து நிக்கும். இதெல்லாம் ஒரு ஈரமா?"

"மூணாவது படி பொக்கம்."

"கள்ளன் வந்தா தடுக்கி விழுவான்."

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கரையில் மீன் வாங்க வருகிற வியாபாரிகள் என்ன செய்வார்கள்? கண்ணு சிவந்திருக்கு, செவுள் மங்கியிருக்கு, நேற்றைய மீன் என்று தட்டிக் கழிப்பார்கள். ததேயுஸ் ஆயுசு முழுக்க அதற்குப் பதில் சொல்லியே பழகினவர். யாராவது சரக்கைக் குறை சொன்னால் அது தன் சரக்கா, அடுத்தவன் சரக்கா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை, வாய் முந்திக்கொள்கிறது. அவருக்கு வாங்கிப் பழக்கமில்லை. சுயம்புவுக்கு விற்றுப் பழக்கமில்லை.

சுயம்புவுக்கும் வீறு வந்துவிட்டது. முகத்தில் பழைய களை. ஏத்தந்தோட்டத்தில் நிற்பதுபோல நின்றார். தென்னையைக் காட்டினார், தேங்காய் ஓட்டில் விழும் என்றார். விழுகிற அளவுக்குக் காய்க்கிறதே என்றார் ததேயுஸ். பீமைக் காட்டினார். ததேயுஸ் அதில் தலையை ஒருமுறை இடித்துக்கொண்டு, "கம்பி நல்லாப் போட்டிருக்கான். சத்தத்துலயே தெரியுது" என்றார். என் பீமைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை என் மனைவியிடமிருந்துகூட நான் கேட்டதில்லை.

முற்றத்துக்கு வந்து விலையில் நின்றார்கள்.

"மச்சான் ஒரு விலை சொல்லுகாரு" என்று சுயம்பு நான் சொல்லியிருந்த தொகையைச் சொன்னார். அதோடு நிறுத்தினாரா? "இந்த வீட்டுக்கு அது கூடுதலுல்லா" என்றார்.

"கூடுதலா? ஆத்துக்குப் பக்கம், முழுப் பிலாக் கதவு, இந்தத் தென்னை. அண்ணாச்சி, நீரு சரக்கைக் கண்ணால பாத்துதான் பேசுகீரா?"

"ஒரு லெச்சம் குறைக்கணும்."

"ஒரு காசு குறையாது. கேட்டதுக்கு மேல ஒரு லெச்சம் வச்சுப் பேசினா மேக்கொண்டு பேசும், இல்லெங்கி வழியை விடும்."

"கொண்டுபோக ஆளு வராது."

"எத்தனை பேரு வருவான் பாக்கீரா?"

நான் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் ஏஜென்ட் என் வீட்டு விலையைக் கீழே இழுக்கிறார். வாங்க வந்த ஆள் மேலே இழுக்கிறார். ஹார்ட்வேர் வியாபாரத்தில் எல்லா வித்தையும் பார்த்த எனக்கே எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டதால் வாயையும் திறக்க முடியாது.

அதுவரை வியாகுலம்மாள் கிணற்றடியில், என் பக்கத்தில் நின்று வாளியில் வெள்ளம் கோரி ஒரு கை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள்.

"கேட்டியளா," என்றாள் புருஷனிடம், "நீங்க வீடு வாங்க வந்தியளா, விக்க வந்தியளா?"

ததேயுஸ் தன் கையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். சுயம்புவும் அப்படியே நின்றார். இருவரும் தோட்டத்தையும் கரையையும் விட்டு என் முற்றத்துக்குத் திரும்பி வர ஒரு நிமிஷம் ஆனது.

வியாகுலம்மாள் சுயம்புவிடம் திரும்பினாள். "அண்ணே, கொறை எல்லாம் சொன்னீங்க. வெள்ளத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே?"

சுயம்பு தடுமாறினார். சான்றிதழ் வாங்கினதிலிருந்து முதல் தடவையாக அவரிடம் குறை இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறார்கள். கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

வியாகுலம்மாள் தலையாட்டினாள். எல்லாவற்றையும் குறை சொன்ன வாய் இதை மட்டும் கொள்ளாம் என்கிறது என்றால் அது நல்ல வெள்ளம்தான், உப்பு வெள்ளம் குடித்துக் குடித்து எனக்கு மடுத்துவிட்டது, இந்த வீடே போதும் என்றாள். விலை? கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், வீட்டுக்காரர் சொன்னதே இருக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அப்படி வியாபாரம் முடிக்கத் தெரிந்த இன்னொரு ஆளை, என்னைத் தவிர, அன்றுதான் பார்த்தேன்.

சித்திரை பிறப்பதற்குள் பத்திரம் பதிந்தாகிவிட்டது. சுயம்புவின் கமிஷனில் ஒரு பைசா நான் பிடிக்கவில்லை. போர்டுக்கு ஆன பெயின்ட் செலவைக்கூடக் கேட்கவில்லை. வீடு விற்ற கதை எப்படியோ பரவி, எல்லாக் குறையும் முதலிலேயே சொல்லிவிடுகிற ஏஜென்ட் என்று இப்போது அவருக்கு ஒரு பெயர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனிலேயே கூப்பிடுகிறார்கள், வாங்கப்போகிற வீட்டைப் போய்ப் பார்த்துக் குறை சொல்லச் சொல்லி. அவர் ஒரு வீட்டைக் கொள்ளாம் என்று சொன்னால், பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறார்களாம். இதுவரை மூன்று தடவைதான் சொல்லியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

ததேயுஸ் பால் காய்ச்சினபோது எங்களைக் கூப்பிட்டார். வந்த விருந்தாளிகளைப் பீமின் கீழே நிறுத்தி, சத்தம் கேளுங்க என்று தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சுயம்பு என் பக்கத்தில் நின்று பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அப்போது ரதீஷிடமிருந்து போன் வந்தது. அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உங்களுக்காக ஒதுக்கிவைத்த முறி அப்படியே இருக்கிறதே அப்பா, எப்போது வேண்டுமானாலும் வரலாமே என்றான்.

"அந்த முறியில காத்து போராது, மக்கா" என்றார் சுயம்பு. "வாடகைக்கு விடணும்னா சொல்லு. எனக்க பதிவு நம்பரு சென்னையிலயும் செல்லும்."